சிலுவை போட்ட டிரம்

டி.வி.யில் கனமழை என்று சொன்னால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவு ஞாபகம் வரும். எனக்கு வால்வு ஞாபகம் வரும்.

திருவொற்றியூரில் ஒரு கம்பெனி யார்டில் எனக்கு வேலை. விமானத்தின் இறக்கையில் உறைந்துபோகிற பனியைக் கரைக்கிற மருந்தை அங்கே கலந்து, குளிர் நாடுகளுக்குக் கப்பலில் அனுப்புகிறோம். வேர்த்து ஊற்றுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பனிக்கு மருந்து பண்ணுகிறோமே என்று சேர்ந்த புதிதில் சிரிப்பு வரும். யார்டில் அதற்குப் பெயரே பனி மருந்துதான். ஆரஞ்சு நிறம், பாகு மாதிரி வழவழப்பு. நாக்கில் பட்டால் இனிக்கும், ஆனால் விஷம்.

யார்டின் தரை முழுக்க ஒரு மூலையைப் பார்த்துச் சரிந்திருக்கும். அந்த மூலையில் ஒரு பெரிய குழி. மழை பெய்தால் தரையில் சிந்திக் கிடக்கிற மருந்தெல்லாம் கழுவிக்கொண்டு அந்தக் குழிக்குத்தான் வரும். குழிக்கு அந்தப் பக்கம் ஒரு வால்வு, வால்வுக்கு அந்தப் பக்கம் தெருக் கால்வாய், அது போய்ச் சேருகிற இடம் கழிமுகம். முதல் மழைத் தண்ணீரை வெளியே விடக்கூடாது. பிடித்து வைத்து லாரியில் ஏற்றிச் சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் பெய்கிற மழையில் மருந்து இல்லை என்று பாட்டிலில் பிடித்துச் சோதித்த பிறகுதான் வால்வைத் திறக்கலாம். கலீஜ் தண்ணீரா நல்ல தண்ணீரா என்று பார்த்து மூடுவதும் திறப்பதும்தான் என் உத்தியோகம்.

இதே வேலையைப் பூமிக்கு அந்தப் பக்கத்தில் என் தம்பி ஆண்ட்ரூ செய்கிறான். கனடாவில் ஒரு ஏர்போர்ட். விமானம் கிளம்புமுன் அதன்மேல் இந்த மருந்தைப் பீச்சி அடிக்கிற வண்டியில் இருக்கிறான். அங்கேயும் தரைக்குச் சரிவு உண்டு, குழி உண்டு, குளம் உண்டு. பனி உருகி வழிகிற தண்ணீரில் மருந்து இருந்தால் குளத்துக்கு, இல்லாவிட்டால் ஆற்றுக்கு. "இது தண்ணீல கீற காத்தையே துன்னுடும்க்கா, மீனு மூச்சு முட்டி செத்துடும்" என்று அவன் சொல்லித்தான் எனக்கு அந்த வால்வின் அருமை தெரிந்தது. அதற்கப்புறம் நான் அதை என் வீட்டுக் கதவு மாதிரி காவல் காத்தேன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு எங்கள் தெருவில் மாதா கெபித் திருவிழா. ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் தெருமுனையில், மாதா சொரூபம் வைத்த குகை மாதிரி, சின்னதாக ஒரு கெபி இருக்கிறது. ஜெபமாலை மாதம் முடிகிற அந்த ஞாயிறன்று அங்கே கூடி ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்லி, மாதாவைச் சப்பரத்தில் தூக்கிச் சுற்றி வந்து, எல்லோருக்கும் ஜூஸ் ஊற்றுவோம். அதற்கென்றே ஒரு நீல டிரம். கழுத்தில் வெள்ளைப் பெயின்டால் சிலுவை போட்டிருக்கும். தெருக் குழாயில் வருகிற தண்ணீர் ஒரு நாள் மஞ்சள், ஒரு நாள் நாற்றம். அதனால் திருவிழாவன்று அந்த டிரம் மீன்பாடி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டியில் ஏறி எங்கள் யார்டுக்கு வரும். கேட்டருகே குடிதண்ணீர் லாரிக்காரன் அதில் ஒரு ரொப்பு ரொப்பிக் கொடுப்பான். வருஷா வருஷம் இப்படித்தான். யாரும் கேட்டதில்லை, யாரும் தடுத்ததில்லை.

இந்த வருஷமும் காலையிலேயே என் வீட்டுக்காரர் சிலுவைமுத்து டிரம்மைக் கொண்டுவந்து கேட்டருகே நிறுத்திவிட்டு, தோரணம் வாங்கப் போய்விட்டார். எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி. மழை வருகிறதே, வேறு யார் வால்வைப் பார்ப்பது?

கன்டெய்னரில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் எந்த ஞாபகத்தில் இருந்தானோ, ஒரு பெரிய டேங்கின் வயிற்றில் வண்டியின் இரும்பு முள்ளைச் சொருகிவிட்டான். தரையெல்லாம் ஆரஞ்சாக ஓடியது. சரிவு அதன் வேலையைச் செய்தது, எல்லாம் குழிக்கு வந்தது. வால்வு மூடியிருந்தது. எனக்கு நிம்மதிதான். அந்த நிம்மதி மேலே பார்க்கிறவரைக்கும்தான். வானம் கருத்துக்கொண்டு வந்தது.

கலீஜ் அள்ளுகிற லாரிக்குப் போன் போட்டால், எர்ணாவூர்ப் பக்கம் ரோட்டில் தண்ணீர், வர முடியாது என்றான். மேனேஜர் குடையோடு வந்தார்.

"ஜானட், மழை வந்தா குழி ரொம்பி யார்டுக்குள்ள ஏறிடும். வால்வைத் திறந்துவிடு. மழையோட மழையா போயிடும், யாருக்குத் தெரியப்போகுது?"

"கால்வாய்க்குத் தெரியும் சார். நான் தொறக்க மாட்டேன். உங்களுக்கு வேணும்னா நீங்களே வந்து தொறங்க, நான் போட்டோ புடிச்சிக்கிறேன்."

எனக்கு வாய் நீளம் என்று அவருக்குத் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். பம்ப் ஆபரேட்டர் ஷாகுல் ஹமீது பாயைக் கூப்பிட்டு, காலி டிரம்கள் எத்தனை கிடக்கிறதோ அத்தனையிலும் குழித் தண்ணீரை ஏற்றிவிடுங்கள், மழைக்கு இடம் பண்ணுவோம் என்றேன். பாய் நல்ல மனுஷர். வேலையில் ஓயமாட்டார். பம்ப் ஓடியது. மழை வந்தது. நான் மூலையில் வால்வருகே நனைந்துகொண்டே நின்றேன். கேட்டுப் பக்கம் சிலுவைமுத்து மீன்பாடி வண்டியில் வந்ததும், லாரிக்காரன் ஹோஸ் பிடித்ததும், டிரம்மைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் கிளம்பியதும் மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது. நான் தூரத்திலிருந்து கையாட்டினேன். அவரும் ஆட்டினார்.

மழை விட்டபோது குழியில் பாதிதான் இருந்தது. பெருமையாக இருந்தது. டிரம்களுக்கு மூடி போட ஷாகுல் பாயோடு போனேன்.

"எல்லாம் இதானா பாய்?"

"இன்னும் ஒண்ணு கீது தங்கச்சி. கடசீல கொஞ்சம் மிஞ்சிச்சு, டிரம்மு ஒண்ணியும் இல்ல. கேட்டாண்ட ஒரு காலி டிரம்மு நின்னுகினு இருந்திச்சே, அதுல ரெண்டு மூணு பக்கெட்டு ஊத்தி வெச்சேன்."

"எந்த டிரம்மு?"

"அதான், கயுத்துல வெள்ளையா சிலுவ போட்டது."

நான் கேட்டைப் பார்த்தேன். டிரம் நின்ற இடத்தில் ஈரத்தில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

நீல டிரம்முக்குள் எந்தத் தண்ணீரும் கருப்பாகத்தான் தெரியும். உள்ளே கொஞ்சம் இருப்பதைப் பார்த்த என் வீட்டுக்காரர், லாரிக்காரன் ஏற்கனவே ரொப்ப ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்து, மேலே ஹோஸைப் பிடிக்கச் சொல்லியிருப்பார். வீட்டில் போய் அதில் ஆரஞ்சுப் பொடியைக் கொட்டிக் கலக்குவார்கள். நிறமும் தெரியாது, ருசியும் தெரியாது. தெருவில் இருக்கிற அத்தனை பிள்ளைகளும் டம்ளரை நீட்டுவார்கள். முதல் டம்ளரை என் மகள் ஆலிஸ்தான் நீட்டுவாள். ஏழு வயசு, ஜூஸ் என்றால் உயிர்.

"பாய், வால்வ யாரு சொன்னாலும் தொறக்காதீங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

ஷேர் ஆட்டோவில் ஏறி சிலுவைக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. சப்பரம் தூக்குகிறவர் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருப்பார். பக்கத்து வீட்டு ஹில்டாக்காதான் ஜூஸ் கலக்குகிறவள், அவள் போன் ஸ்விட்ச் ஆஃப். ஜெபத்தில் போன் அடிக்கக் கூடாது என்று அணைத்து வைக்கிற பக்தி. அந்த நிமிஷம் அந்தப் பக்தியைச் சபித்தேன், மாதா மன்னிக்கட்டும். கடைசியில் ஆண்ட்ரூவுக்குப் போட்டேன். அங்கே விடிந்தும் விடியாத நேரம்.

"டேய், பனி மருந்த புள்ளைங்கோ குட்ச்சா இன்னா ஆவும்?"

வண்டி எஞ்சினை அணைக்கிற சத்தம் கேட்டது.

"ஆரு குட்ச்சாங்கக்கா?"

"தெரில. இன்னா ஆவும், சொல்லுடா."

"மொதல்ல போதை ஏறுன மாதிரி ஆடுவாங்கோ. அப்பால ஒண்ணியும் இல்லாத மாதிரி இருக்கும், சரியா பூட்ச்சுன்னு நெனப்போம். உள்ள கிட்னி போய்க்கினே இருக்கும். நல்லா கீறாங்களேன்னு வூட்ல வெச்சிக்காதே. நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. இன்னா குட்ச்சாங்கன்னு கரெக்டா சொல்லு." அப்புறம் சின்னக் குரலில் கேட்டான். "அக்கா, ஆலிஸா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

தண்டையார்பேட்டை தாண்டியதும் ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஆட்டோ மூச்சை நிறுத்தியது. இறங்கி ஓடினேன். ஓடிக்கொண்டே எனக்கு ஒரே எண்ணம்தான். கால்வாய்க்கு விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேனே, மீன் செத்துவிடும் என்றேனே, மீனைக் காப்பாற்றி என் பிள்ளை வயிற்றில் ஊற்றிவிட்டேனே. இதற்கு அந்த வால்வைத் திறந்தே விட்டிருக்கலாமே. ஓடும்போது அழுதால் மூச்சு வாங்கும், ஆனாலும் அழுகை நிற்கவில்லை.

தெருமுனை திரும்பும்போதே ஸ்பீக்கரில் ஜெபம் கேட்டது. ஜெபமாலையின் நாலாவது பத்தில் இருந்தார்கள். கெபிக்கு முன்னால் பெரியவர்கள் முட்டி போட்டிருக்க, பக்கவாட்டில் பிள்ளைகள் எவர்சில்வர் டம்ளரோடு வரிசையில் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு டம்ளராகப் பார்த்தேன். காலி, காலி, காலி. வரிசையின் முன்னால் சிலுவை போட்ட டிரம். பக்கத்தில் கரண்டியோடு ஹில்டாக்கா.

"வா ஜானட்டு, நல்ல நேரத்துல வந்தே. இந்த வருசம் ஜூஸு இன்னாமா வந்துகீது தெரியுமா? சக்கர பாதிதான் போட்டேன், தானா இனிக்குது."

"ஆரு குட்ச்சாங்கோ?"

"ஆரும் குடிக்கல. ஜெபம் முடியாம ஒரு சொட்டு தருவனா நானு? நான் ஒரு வாய் பாத்தேன். அப்பால ஆலிஸுதான் ருசி பாத்தா. வருசா வருசம் அவதான டேஸ்ட்டு சொல்றது."

"எவ்ளோ குட்ச்சா?"

"ரெண்டு டம்ளரு. இல்ல, மூணு இருக்கும். இன்னும் குடு இன்னும் குடுன்னு ஒரே தொல்ல. ஏம்மே, மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துகீது?"

நான் டிரம்மின் மூடியை எடுத்துச் சாத்தி அதன் மேல் கையை ஊன்றினேன்.

சப்பரத்தருகே பேண்டு வாசிக்கிற பையன்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஆலிஸ். வெள்ளை கவுன், தலையில் பூ வளையம். ஜெபம் முடிந்துதான் பேண்டு அடிப்பார்கள், அடிக்காத பேண்டுக்கு அவள் ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு காலைத் தூக்கினால் மறு கால் நிற்கவில்லை. விழுந்து எழுந்து தானாகச் சிரித்தாள்.

"பாரு நைனா, அப்பன் மாதிரியே தள்ளாடுது" என்றான் டிரம்ஸ்காரன். "சிலுவண்ணன் வுட்டத இது புட்ச்சிக்கிச்சு."

சிலுவை அவனை முறைத்துக்கொண்டு வந்து ஆலிஸைத் தூக்கினார். தூக்கியவர் என்னைப் பார்த்ததும் பயந்துபோனார். அவர் பயந்ததற்குக் காரணம் வேறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால்வரை குடி, குடி, குடி. நான் ஒயின் ஷாப் வாசலிலேயே போய் நின்று அவர் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி உடைத்துக் கடைக்காரனையும் சேர்த்து வாங்கு வாங்கு என்று வாங்கிய கதை ராயபுரத்துக்கே தெரியும். கடைசியில் ஆலிஸ் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். கடை வாசலை மிதிக்க மாட்டேன், பாட்டிலைத் தொட மாட்டேன். பிள்ளை தலைமேல் பண்ணின சத்தியத்தை மீறினால் பிள்ளைக்கு ஆகாது. அது தெரிந்துதான் அப்படிச் செய்ய வைத்தேன். மனுஷன் அன்றிலிருந்து தொடவில்லை.

"ஜானட்டு, மாதா சத்தியமா வூட்ல ஒண்ணியும் இல்லமே. இது எங்கேந்து குட்ச்சுதுன்னு எனுக்கே தெரில" என்றார்.

ஆலிஸின் வாயை மோந்து பார்த்தேன். சாராய வாசனை இல்லை. ஆரஞ்சு வாசனை மட்டும். என் வாழ்நாளில் சாராய நாற்றம் வரவில்லையே என்று நான் நடுங்கியது அன்றைக்குத்தான்.

"டிரம்முல பனி மருந்து கலந்துகீதுய்யா" என்றேன். "ஷாகுல் பாய் தெரியாம ஊத்திட்டாரு. நீ தெரியாம கொணாந்துட்டே."

ஜெபம் நின்றுவிட்டது. ஸ்பீக்கரில் யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. சிலுவை காலை ஓங்கிக்கொண்டு டிரம்மை உதைக்கப் போனார். நான் குறுக்கே விழுந்தேன்.

"கவுக்காதே. கால்வாய்க்குப் போவும். அப்டியே மூடி வெய்யுங்கோ. ஆராச்சும் தொட்டீங்க, கைய ஒடிச்சிடுவேன்." ஒரு தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக் கவிழ்த்து, அதில் அந்த ஜூஸைப் பிடித்துக்கொண்டேன். குழியில் சாம்பிள் பிடிக்கிற பழக்கம். கை தானாகச் செய்தது, எனக்கு அப்போது எந்த அறிவும் இல்லை.

ஹில்டாக்காவையும் இழுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோவில் ஆலிஸ் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அப்புறம் ஆட்டம் நின்று தெளிவாகப் பேச ஆரம்பித்தாள். "எனுக்கு ஒண்ணும் இல்லம்மா, சப்பரத்துக்குப் போலாம்" என்றாள். சிலுவை முகத்தில் வெளிச்சம் வந்தது. ஆண்ட்ரூ சொன்னது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. நல்லா கீறாங்களேன்னு வெச்சிக்காதே.

அவசரப் பிரிவில் தேவப்பிரியம் என்று ஒரு டாக்டர். சின்ன வயசுதான். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள், ஆண்ட்ரூவிடம் போனில் பேசி மருந்தின் பெயரை எழுதிக்கொண்டாள். ரத்தம் எடுத்தார்கள், டிரிப் ஏற்றினார்கள். ஹில்டாக்கா ஒரு வாய்தான் என்பதால் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஆலிஸை உள்ளே கொண்டுபோனார்கள்.

"அம்மா, நான் சொல்றத நல்லாக் கேளுங்க" என்றாள் டாக்டர். "இது உள்ள போனதும் உடனே கெடுக்காது. ஈரல் இதை உடைக்கும்போதுதான் விஷமாகுது, அது கிட்னியப் பிடிக்குது. இதுக்குன்னு ஒரு ஊசி இருக்கு. நம்மகிட்ட இல்ல, வெளில சொல்லிருக்கேன், வர்றதுக்கு நாளைக்கு ஆயிடும். அதுவரைக்கும் ஈரலுக்கு வேற வேலை கொடுக்கணும். சாராயம் உள்ள இருந்தா ஈரல் முதல்ல அதத்தான் கவனிக்கும். அந்த நேரத்துல இந்த மருந்து சிறுநீராவே வெளிய போயிடும்."

"சாராயமா?"

"ஆமாம்மா. பழைய வைத்தியம், ஆனா வேலை செய்யும். அதுக்கான ஸ்பிரிட் இப்ப ஸ்டோர்ல இல்ல. ஒரு பிராந்தி பாட்டில், சீல் உடைக்காதது, சீக்கிரம் வேணும். அளவு பார்த்து, தண்ணி கலந்து, மூக்குல குழாய் வழியா நாங்க கொடுப்போம். நீங்களா எதுவும் கொடுத்துடாதீங்க."

நான் சிலுவையைப் பார்த்தேன். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"போய்யா" என்றேன்.

"ஜானட்டு, சத்தியம்."

"தெரியும். போ."

"அவ தலையில கை வெச்சு சொன்னேன்மே. கடை வாசல மிதிக்க மாட்டேன்னு. நான் இப்ப மிதிச்சு, அவளுக்கு எதுனா..." அவரால் முடிக்க முடியவில்லை. ஆறடி மனுஷன், கன்டெய்னர் லாரி ஓட்டுகிற ஆள், சின்னப் பிள்ளை மாதிரி உதடு துடித்தது. "எனுக்குப் பயமா கீதுமே."

வேறு நாளாக இருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்கவில்லை. ஏனென்றால் எனக்கும் அதே பயம்தான். அந்தச் சத்தியத்தை வாங்கினவள் நான். அவர் கால் அந்த வாசலில் பட்டு, இங்கே பிள்ளைக்கு ஒன்று ஆனால், அப்புறம் எந்த டாக்டர் என்ன சொன்னாலும் நாங்கள் இரண்டு பேரும் நம்பப்போவது அதைத்தான்.

"நீ அவகூட இரு. நான் போறேன்" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கச் சந்தில் கடை. மறுபடி மழை பிடித்துக்கொண்டது. கம்பிக்கு வெளியே முண்டியடித்துக்கொண்டு ஆம்பளைக் கூட்டம். நான் நனைந்த யூனிபார்மோடு உள்ளே நுழைந்ததும் கூட்டத்தில் ஒரு ஆள் திரும்பினான். மாரியப்பன், சிலுவையின் பழைய தோஸ்து. நான் எத்தனை முறை பாட்டிலை உடைத்தேனோ அத்தனை முறையும் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

"இன்னா ஜானட்டு, இங்கயும் ஒடைக்க வந்துட்டியா?"

நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"ஆலிஸுக்கு" என்றேன். "வெசம் குட்ச்சிட்டா. டாக்டரு பிராந்தி கேக்குறாங்கோ. எனுக்கு எது நல்லதுன்னு தெரியாது. நீயே வாங்கிக் குடு."

மாரியப்பன் என் முகத்தையே பார்த்தான். அப்புறம் கூட்டத்தை இரண்டு கையாலும் பிளந்துகொண்டு போனான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பாட்டிலைக் கொண்டுவந்து, சீல் சரியாக இருக்கிறதா என்று தானே திருப்பிப் பார்த்து, என் கையில் கொடுத்தான். காசு நீட்டினேன், வாங்கவில்லை. அந்தப் பாட்டிலை நான் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். வழுக்கி விழுந்தால் உடைந்துவிடுமே என்று சுவரைப் பிடித்துப் பிடித்து ஓடினேன். உடைக்கத் தெரிந்த கைக்குக் காப்பாற்றத் தெரியுமா என்று பயமாக இருந்தது.

ஆலிஸின் மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். டாக்டர் அளந்து கலந்து கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் கன்னம் சிவந்தது, கண் செருகியது. நாக்கு குழற, "அம்மா, சப்பரம் கெளம்பிடுச்சா" என்று கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள்.

"அப்பப்ப ரத்தம் எடுத்துப் பார்ப்போம்" என்றாள் டாக்டர். "உள்ள சாராய அளவு இறங்கக் கூடாது. சிறுநீர் நிக்காம போகணும். அது ரெண்டும் சரியா இருந்தா பயமில்ல. இல்லன்னா டயாலிசிஸுக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

அப்பப்ப என்றால் எப்போது? அவள் மற்ற படுக்கைகளுக்குப் போய்விட்டாள். எனக்கு உட்கார முடியவில்லை. குனிந்து பிள்ளையின் வாயை மோந்து பார்த்தேன். அடித்தது. கல்யாணமான நாளிலிருந்து எந்த நாற்றத்துக்காகத் தட்டை வீசினேனோ, கதவைச் சாத்தினேனோ, அதே நாற்றம் என் ஏழு வயசு மகளின் வாயிலிருந்து வந்தது. நான் அதை முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். லேசாகக் குறைந்த மாதிரி இருந்தால் ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிடுவேன். "இருக்கும்மா, இருக்கு, போய் உக்காருங்க" என்பாள். மறுபடி குனிவேன். மாதாவே, இந்த நாற்றம் போகக் கூடாது, இந்த நாற்றம் போகக் கூடாது என்பதுதான் என் ஜெபம். ஐம்பத்து மூன்று மணிக்கும் மேலே சொல்லியிருப்பேன்.

ஷாகுல் பாய் போன் செய்தார். அழுதார். "மேனேஜரு ரெண்டு தபா வந்தாரு தங்கச்சி. வால்வு மூடியேதான் கீது. நான் இங்கியே குந்திகினு கீறேன். கொயந்த எப்டி கீது?" அவர்மேல் கோபப்படத் தெம்பு இல்லை. பிடித்து வைக்கச் சொன்னது நான்தானே. நாளைக்கு மழை வந்தாலும் அதைத்தான் சொல்வேன். வேறு என்ன சொல்வது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

சிலுவை வெளி வராந்தாவிலேயே இருந்தார். அந்த வாசனை பட்டால் தன் நாக்கு ஊறிவிடுமோ, அதுவும் சத்தியத்தை மீறினதாகிவிடுமோ என்று பயம். நான் எப்போது கண்ணசந்தேனோ தெரியாது. விழித்தபோது ஜன்னலில் வெளுப்பு. பதறி எழுந்தேன். சிலுவை கட்டிலருகே முட்டி போட்டு, ஆலிஸின் வாயருகே முகத்தை வைத்திருந்தார். அவர் மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வருதா?" என்றேன்.

"வருதுமே. நீ தூங்குனியே, அதான் நான் வந்தேன். இது எப்ப எறங்கும்னு ஒன்னவிட எனுக்கு நல்லாத் தெரியும்."

ஊசி காலையில் வந்து சேர்ந்தது. டாக்டர் சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்தாள், ரத்த ரிசல்ட்டைப் பார்த்தாள். "இதுவரைக்கும் கிட்னி நல்லா இருக்கு. இன்னும் ரெண்டு நாள் வச்சிருந்து பார்க்கணும்" என்றாள். இதுவரைக்கும் என்ற வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். அது என்னை விடவில்லை.

அவள் போன பிறகு ஆலிஸ் கண்ணைத் திறந்தாள். வெளிச்சம் குத்தவும் மூடிக்கொண்டாள். முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, தல ரொம்ப வலிக்குதுப்பா. வாயெல்லாம் கசக்குது."

நான் பயந்து நர்ஸைக் கூப்பிட எழுந்தேன். சிலுவை என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிள்ளையின் நெற்றியில் தன் உள்ளங்கையை வைத்தார். சத்தியம் பண்ணினபோது வைத்த அதே இடத்தில்.

"அது அப்டித்தான் இருக்கும் கண்ணு" என்றார். "அப்பாக்குத் தெரியும். மத்தியானத்துக்குள்ள போயிடும்."